படத்துக்குக் கீழே ஒரு வரி

புது லேபிளின் மூன்றாவது படத்தைப் பார்த்ததும் கூடத்தில் சிரிப்பு கிளம்பியது.

முதல் படம் நெருப்பு. இரண்டாவது ஆச்சரியக்குறி. இரண்டும் பழைய லேபிளிலும் இருந்தவை, யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. புதிதாகச் சேர்ந்த மூன்றாவதில் தலையும் தோளுமாக ஒரு கறுப்பு ஆள். அவன் நெஞ்சுக்குள் வெள்ளையாக ஏதோ வெடித்துச் சிதறியிருந்தது.

"பாவம், எவளையோ நம்பி மோசம் போயிருக்கான்," என்றாள் மூடி போடுகிறவள்.

குழாயடியில் நின்ற ஆறு பெண்களும் சிரித்தார்கள். லேபிள் சாரும் கூடவே சிரித்துவைத்தார்.

அந்தத் தொழிற்சாலையில் பெயின்ட் உரிக்கிற திரவத்தை டின்களில் நிரப்பி வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். டின்மேல் என்ன எச்சரிக்கை இருக்கவேண்டும் என்பதை வாங்குகிற நாட்டுக்காரர்கள் நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுவார்கள். அதற்குத் தகுந்தபடி லேபிளைத் திருத்துவதுதான் லேபிள் சாரின் வேலை. மேல்மாடியில் அவருக்கு ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர். பதினொரு வருஷத்தில் லேபிள் சரியில்லை என்று ஒரு பெட்டிகூடத் திரும்பி வந்ததில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

இன்று புது லேபிளுக்கு முதல் நாள். சுருள்களை அவரே தூக்கிக்கொண்டு இறங்கி வந்திருந்தார்.

எழுத்தெல்லாம் வாங்குகிறவர்களின் மொழி. கூடத்தில் அதைப் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

இரண்டாவது குழாயில் நின்றவள் மட்டும் சிரித்து முடித்த பிறகும் லேபிளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைப் 'புதுசு' என்று கூப்பிடுவார்கள். வேலையில் சேர்ந்து ஒன்றரை வருஷம் ஆகியும் அந்தப் பெயர் போகவில்லை.

அந்த ஒன்றரை வருஷத்தில் அவளுக்கு இரண்டு முறை கலைந்துவிட்டது. முதல் முறை மூன்றாம் மாதம், அடுத்தது ஐந்தில். இரண்டு முறையும் பத்து நாள் வீட்டில் இருந்துவிட்டு அதே குழாய்க்குத் திரும்பி வந்தாள். மாமியார் தன்னை ஓட்டைப் பானை என்று திட்டுவதை, இடுப்பில் கை வைத்து, அதே குரலில் நடித்துக் காட்டி மற்றவர்களைச் சிரிக்க வைப்பாள்.

இப்போது மறுபடியும் நாள் தள்ளிப்போயிருக்கிறது. கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். லேபிள் சாருக்கும் தெரியும்.

அவள் கையுறையைக் கழற்றிவிட்டு, அந்தப் படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் ஓடிய வரியின்மேல் விரலை வைத்தாள்.

"இது என்ன சார் சொல்லுது? பழைய லேபிள்ல இந்த வரி இல்லையே."

வயிற்றில் இருக்கும் குழந்தைக்குக் கேடு உண்டாக்கலாம். வரி அதைத்தான் சொன்னது. அவர் அதை நான்கு முறை எழுத்துப்பிழை பார்த்திருந்தார்.

மற்றப் பெண்களும் குழாயைத் திருகுவதை நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்த்தார்கள். லேபிள் இருப்பது சரக்கு வாங்குகிறவன் படிப்பதற்குத்தான் என்று மேலாளர் காலையிலேயே சொல்லி அனுப்பியிருந்தார்.

ஒரே ஒரு வாக்கியம். சொன்னால் அவள் இப்போதே குழாயை மூடிவிட்டு வெளியே போய்விடுவாள். அப்புறம் யாராவது ஒருத்தி கேட்பாள், இது உங்களுக்கு எப்போ தெரியும் என்று.

"அதுவாம்மா? அந்த ஊர்ல சட்டம் மாறிடுச்சு. நம்ம சரக்கு அதே சரக்குதான்."

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

அவள் முகம் தெளிந்தது. பயந்தே போய்விட்டதாகச் சொல்லிச் சிரித்துக்கொண்டு கையுறையை மாட்டினாள். குழாய்கள் திறந்தன. டின்கள் நகர்ந்தன. பழகிப்போன வாடை மறுபடி எழுந்தது.

அவர் வாசல்பக்கம் திரும்பியபோது பின்னாலிருந்து அவளே கூப்பிட்டாள்.

"சார், உங்க தங்கச்சி சௌக்கியமா? பாப்பா நடக்குதா?"

போன வாரம்தான் நடக்க ஆரம்பித்தாள் என்றார். குரல் தடுமாறவில்லை.

சட்டம் மாறப்போகிற செய்தி அவர் மேஜைக்கு வந்தது ஒன்றரை வருஷத்துக்கு முன், ஒரு திங்கட்கிழமை. லேபிளை மாற்றப் பதினெட்டு மாதம் அவகாசம் இருந்தது. ஒரு நாளும் விடாமல் முழுவதையும் எடுத்துக்கொள்வது என்று மேலாளர் முடிவு செய்தார். லேபிள் சார் தலையாட்டினார். பிறகு கீழே இறங்கி வந்து, இரண்டாவது குழாயில் நின்ற தன் தங்கையைச் சாப்பாட்டு நேரத்துக்குள் வேலையை விட வைத்து வீட்டுக்கு அழைத்துப் போனார். அவளுக்கு அப்போது இரண்டாம் மாதம். அந்த இடத்துக்கு ஆள் வேண்டும் என்றபோது, வேலை கேட்டு வாசலில் நின்றிருந்த புதுப்பெண்ணை அவரே கைகாட்டினார்.

"அவங்க நின்ன இடம்தானே சார் இது," என்றாள் அவள், அடுத்த டின்னைக் குழாய்க்குக் கீழே இழுத்து வைத்தபடி. "அந்த ராசி எனக்கும் ஒட்டட்டும்."