நடுச்சுவர்

"என் பக்கம் ஒரு கடப்பாரை பட்டாலும் போலீசுக்குப் போயிருவேன்."

நாகராசு தன் வாசற்படியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இன்ஜினியர் அன்புமொழி வெளியே நின்று அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவள் தனியாகப் பொறுப்பேற்ற முதல் வேலை இது.

"சார், இந்த நடுச்சுவர் ரெண்டு வீட்டுக்கும் பொது. கீழ களிமண். வெயில்ல சுருங்குது, மழையில உப்புது. அஸ்திவாரத்துக்கு அடியில கான்கிரீட் கொடுக்கலைன்னா ரெண்டு கூரையும் கீழ வந்துரும். உங்க பக்கமும் தோண்டினாத்தான் ஆளு பயமில்லாம வேலை செய்ய முடியும்."

"அதெல்லாம் வராது. போங்க."

பக்கத்து வாசலிலிருந்து, வேலைக்குக் கூப்பிட்ட ராஜலட்சுமி குரல் கொடுத்தார். "அந்த ஆளுகிட்ட என்னம்மா கெஞ்சிக்கிட்டு? அண்ணன் காரியம் முடியுறதுக்குள்ள பாகம் கேட்டவரு. என் பாதிச் சுவத்துக்கு மட்டும் போடு. அவரு பாதி எக்கேடும் கெட்டுப் போகட்டும்."

அன்னவாசலில் எழுபது வருஷத்து வீடு அது. அண்ணன் இறந்து பாகம் பிரிந்தபோது நடுச்சுவரே எல்லையானது. அண்ணி ராஜலட்சுமிக்கும் கொழுந்தன் நாகராசுக்கும் ஆறு வருஷமாகப் பேச்சு இல்லை.

சுவரில் தரையிலிருந்து கூரை வரை விரல் நுழையும் அளவுக்கு விரிசல்.

"பாதிச் சுவருக்குப் போட முடியாதும்மா," என்றாள் அன்புமொழி. "ஒரு பக்கம் தாங்கி மறுபக்கம் தாங்கலைன்னா சாஞ்சிரும்."

வானம் கறுத்துக்கொண்டு வந்தது. ஐப்பசி மழை இறங்கிவிட்டால் களிமண்ணில் கால் வைக்க முடியாது.

கொத்தனார் சூசைராஜ் கடப்பாரையை எடுத்தார். "இந்தம்மா வீட்டுக்குள்ள மூணடி நீளத்துக்கு ஒரு குழி எறக்குறேன். இந்தப் பக்கமிருந்து எட்டுறவரைக்கும் பாப்போம்."

"அண்ணே, சுவருக்கு அடியில தலைய விடக் கூடாது. விட்டீங்கன்னா வேலைய நிறுத்திருவேன்."

"எனக்கு மட்டும் என் தலை மேல ஆசை இல்லையா, பாப்பா?"

குழி முழங்காலளவு இறங்கியது. பிறகு தொடையளவு. அன்புமொழி விரிசலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கடப்பாரை விழும்போதெல்லாம் சுவரில் காரை உதிர்ந்தது.

திடீரென்று நாகராசு உள்ளே நுழைந்தார். ஆறு வருஷத்தில் அந்த வாசலை அவர் தாண்டியதே இல்லை.

"சூசை, மேல ஏறு. போதும்."

"வெளிய போகச் சொல்லும்மா அந்த ஆள," ராஜலட்சுமி அன்புமொழியிடம் கத்தினார். "என் வீடு விழுந்தாத்தான் அவருக்கு நிம்மதி."

அதற்குள் கடப்பாரை 'ணங்' என்றது.

சூசைராஜ் குனிந்து மண்ணைக் கையால் வழித்தார். பழைய கல் அஸ்திவாரத்துக்குக் கீழே, களிமண் இருக்க வேண்டிய இடத்தில், சாம்பல் நிறத்தில் கான்கிரீட்.

அன்புமொழி குழிக்குள் இறங்கி டேப் வைத்தாள். சுவரின் முழு அகலத்துக்கும் போட்டு, ராஜலட்சுமி பக்கம் ஒரு சாண் கூடுதலாகவும் தள்ளியிருந்தது.

"தப்பு என்மேலதாங்க," என்றாள். "பின்சுவருல தோண்டினப்ப அடியில வெறும் களிமண்ணுதான்; இங்கயும் அப்படித்தான் இருக்கும்னு நெனச்சுட்டேன். இது அந்தப் பக்கமிருந்து யாரோ போட்டிருக்காங்க. விரிசல் பழசு. இந்தச் சுவர் விழாது."

ராஜலட்சுமி குழியைப் பார்த்தார். பிறகு மெதுவாக நாகராசைப் பார்த்தார்.

"எப்ப?"

"ரெண்டு வருஷத்துக்கு முந்தி, சுவரு நீளம் முழுக்க. பேத்தி பொறந்தப்ப நீங்க சிங்கப்பூர் போயிருந்தீங்கள்ல, அப்ப."

"இத மறைக்கத்தான் தோண்ட விடலையா?"

நாகராசு தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"தெரிஞ்சா, 'என் பாதியில இருக்கிறதப் பேத்து எடுத்துட்டுப் போ'ன்னு சொல்லிருவீங்களே, அண்ணி."