சுவர் செய்த உபசாரம்

அணு இணைவு உலைக்குள் எரிபொருளாகப் புறப்பட்ட டிரிட்டியம் என்ற கன ஹைட்ரஜன் அணு ஒன்று, வழி தவறிப்போய் உலைச் சுவரில் மோதியது.

"வாங்க தம்பி, கொஞ்சம் உட்கார்ந்துட்டுப் போங்க" என்றது சுவர்.

"நெருப்பு காத்திருக்குங்க. நான் போகலைன்னா அணைஞ்சிடும்."

"அதெல்லாம் அணையாது!" சுவர் தன்மேல் படிந்திருந்த தூசியை இழுத்து அணுவுக்குப் போர்த்திவிட்டது. அணுவால் அசைய முடியவில்லை. நெருப்பு அணைந்தேபோனது. அணு அழுதது. குளிரில் அழுகிறதாக்கும் என்று நினைத்து, சுவர் இன்னொரு அடுக்குப் போர்த்தியது.

வருஷங்கள் ஓடின. டிரிட்டியத்தின் இயல்புப்படி, அது ஒருநாள் ஹீலியமாக மாறிவிட்டது.

சுவர் திடுக்கிட்டது. "யாருய்யா நீ?"

"நான்தாங்க, அந்த டிரிட்டியம்."

"பொய் சொல்லாதே! என் விருந்தாளியை என்ன பண்ணினே?"

ஹீலியத்தைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டு, சுவர் டிரிட்டியத்தை நினைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதது.