செங்குத்துச் சரிவில் ஒரு வண்டி

"அண்ணே, டவர்ல இருக்கீங்களா? வண்டி வழுக்குதுண்ணே."

வாக்கிடாக்கியில் ஒரு பெண் குரல். டவர்காரர் துண்டால் முகத்தைத் துடைத்தபடி பின்கட்டிலிருந்து ஓடிவந்து அதை எடுத்தார். ஜெனரேட்டரை அப்போதுதான் நிறுத்தியிருந்தார். தாடி எடுக்கும் மெஷினுக்காக அதை ஒரு மணி நேரம் ஓடவிட்டதில் காது இன்னும் இரைந்துகொண்டிருந்தது.

"இருக்கேம்மா. எந்த இடத்துல நிக்கிற?"

"கேட்டுக்குக் கீழ செங்குத்தா ஒரு சரிவு இருக்கே, அதுல. பிரேக்கை மிதிச்சாலும் சேறு இழுத்துக்கிட்டுப் போகுது. ஒரு கல்லுல டயர் முட்டி நிக்குது."

அந்தச் சரிவில் ஏற முடியாமல் அப்படியே திரும்பிப்போன வண்டிகளை அவர் பார்த்திருக்கிறார். இதுவும் திரும்பிப்போனால் இன்னும் ஒரு மாதம் மனித முகத்தைப் பார்க்க முடியாது.

மலை உச்சியில் தன்னந்தனியாக வயர்லெஸ் டவரைப் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை. மாதத்துக்கு ஒருமுறை சாமான் வண்டி வரும். பழைய டிரைவர் வந்தால் இரண்டு மணி நேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சாப்பிட்டு, சீட்டாடி, ஊர்க்கதை எல்லாம் அளந்துவிட்டுத்தான் இறங்குவார். அவர் ரிட்டயர் ஆனார். அதற்குப் பிறகு மண் சரிந்து பாதை அடைபட, போன மாதம் வண்டியே வரவில்லை. பேச ஆளில்லாமல் டவர்காரர் குக்கரோடு பேச ஆரம்பித்திருந்தார். அது பதிலுக்கு விசிலாவது அடித்தது.

புது டிரைவர் ஒரு பெண், இன்று வருவாள் என்று ஆபீசில் சொன்னதிலிருந்து மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை. விடியற்காலையிலேயே இரண்டு பேருக்குச் சமைத்தார். வீட்டைக் கழுவித் துடைத்தார். இரண்டு மாதத் தாடியோடு நின்றால் பயந்து ஓடிவிடுவாளே என்று அதையும் வழித்துப்போட்டார்.

"பயப்படாதம்மா. நாலு சக்கரமும் சேந்து மெதுவா இழுக்குமே, அந்த ஃபோர் லோ போட்டியா?"

போட்டுப் பார்த்ததாகவும், குமிழைத் திருப்பியும் பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டே இருப்பதாகவும் சொன்னாள். வண்டிதான் ஆட்டோமேட்டிக் ஆயிற்றே, அதுவே பார்த்துக்கொள்ளாதா என்று கேட்டாள்.

டவர்காரருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து எத்தனை நாளாயிற்று என்றும் தோன்றியது.

"அது சாதாரண கியரைத்தான் தானா மாத்தும். லோவுக்கு நாமதான் மாத்தணும். இப்ப லீவர் எதுல இருக்கு?"

"டிரைவ்ல."

"அதான் சிமிட்டுது. டிரைவ்ல இருந்தா லோ விழாது. பிரேக்கை நல்லா மிதிச்சுக்க. ஹேண்ட் பிரேக்கையும் போடு. நியூட்ரலுக்குப் போனா வண்டியைப் பிடிச்சு நிறுத்த வேற எதுவும் இல்ல. போட்டாச்சா? இப்ப லீவரை நியூட்ரலுக்குக் கொண்டா. அப்புறம் குமிழைத் திருப்பு."

அவர் வாக்கிடாக்கியைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"டக்குனு ஒரு சத்தம் வந்துதுண்ணே."

"விளக்கு?"

"நின்னுடுச்சு. சிமிட்டல."

"அவ்வளவுதான். லீவரை மறுபடி டிரைவுக்குப் போடாத. இன்னும் கீழ 'எல்'னு இருக்கும் பாரு, அதுல வை. ஹேண்ட் பிரேக்கை எடுத்துட்டு, காலை மெதுவா விடு. ஆக்சிலேட்டரைத் தொட்டும் தொடாம மிதி, போதும். அவசரப்படாத, வண்டி ஆமை மாதிரி ஊரட்டும்."

பிறகு அவள் குரலில் உயிர் வந்திருந்தது.

"போகுதுண்ணே. மிதிக்காமலே போகுது. வழுக்கவே இல்ல."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. சமைத்து வைத்திருப்பதைச் சொல்லிவிடலாமா என்று வாய் வரை வந்தது. வேண்டாம், நேரில் பார்த்து ஆச்சரியப்படட்டும் என்று அடக்கிக்கொண்டார். அவள் வந்தால் முதலில் என்ன கேட்பது? சீட்டாடத் தெரியுமா என்று கேட்டால் தப்பாக நினைப்பாளோ? பிள்ளைகுட்டிகளைப் பற்றிக் கேட்கலாம். அதில் ஆரம்பித்தால் ஒரு மணி நேரம் ஓடும்.

சட்டையை மாற்றிக்கொண்டு, கேட்டைத் திறந்துவைக்க வேகுவேகென்று இறங்கினார். பனி மூடியதில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. இரும்புக் கேட்டை இரண்டு பக்கமும் விரியத் திறந்துவிட்டு, காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். வண்டிச் சத்தம் எதுவும் வரவில்லை.

கால் மணி நேரம் கழித்துத்தான் வாக்கிடாக்கி பேசியது.

"அண்ணே, நல்ல ரோட்டுக்கு வந்துட்டேன். உயிரே திரும்பி வந்த மாதிரி இருக்கு."

"எங்கேம்மா? நான் கேட்லதான் நிக்கிறேன், வண்டியைக் காணோமே."

"கேட்லயா? அப்ப சாமானைப் பார்த்திருப்பீங்களே."

அவர் திரும்பிப் பார்த்தார். கேட்டை ஒட்டிய ஷெட்டுக்குள் அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர், காய்கறிப் பெட்டி எல்லாம் வரிசையாக அடுக்கியிருந்தன.

"அரை மணி நேரம் ஹார்ன் அடிச்சேன், இந்த வாக்கிடாக்கிலயும் கூப்பிட்டுப் பார்த்தேன். ஜெனரேட்டர் சத்தம்தான் கேட்டுது. ஆள் வரலன்னா ஷெட்டுல இறக்கிட்டு வந்துடுன்னு ஆபீஸ்ல சொல்லியிருந்தாங்க, அதான் இறக்கி வச்சுட்டுக் கீழ இறங்கிட்டேன்" என்றாள். "ரொம்ப உபகாரம்ண்ணே. இனிமே இறங்குறப்ப நானே லோ போட்டுக்குவேன், உங்களைக் கூப்பிட்டுத் தொல்லை பண்ண வேண்டியதே இல்ல."