படத்துக்கு மூன்று நாற்காலிகள்

"டோரீன், ஒரு மூணு பசங்கள உடனே அனுப்புங்க. படத்துல வகுப்பு நம்ம ஸ்கூல் மாதிரி தெரியணும்," என்றார் முதல்வர் பிராண்ட், அலுவலகக் கதவில் பாதி உடம்பை மட்டும் நீட்டி.

எந்த மாதிரி என்று அவர் சொல்லவில்லை. இத்தனை வருடமாக இந்தப் பள்ளியின் ஒலிபெருக்கியில் பெயர் கூப்பிடுகிறவள் நான். எனக்குச் சொல்லவும் தேவையில்லை.

எங்கள் ஊர்ப் பள்ளிகளையெல்லாம் நடத்தும் கல்வி மாவட்டம் புதுக் கையேடு அச்சடிக்கிறது. அட்டைப்படத்துக்கு, கணக்கில் முந்துகிற பிள்ளைகளுக்கான எங்கள் வேகக் கணக்கு வகுப்பைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். வந்த புகைப்படக்காரர் கேமராவில் கண்ணை வைத்தார், எடுத்தார், முதல்வரைப் பார்த்தார். முதல்வர் வகுப்பைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்கிறது.

ஜன்னலுக்கு வெளியே பனி. உள்ளே பிள்ளைகள். இரண்டும் ஒரே நிறம்.

டாக்டர் வீட்டு இந்தியப் பையன் ஒருவன் உண்டு. அவனுக்கும் அன்று காய்ச்சல்.

காலையில் மஞ்சள் பேருந்துகளிலிருந்து இறங்குகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் கறுப்பினப் பிள்ளைகளும் மெக்சிகோக் குடும்பத்துப் பிள்ளைகளும்தான். அவர்களெல்லாம் எங்கே போகிறார்கள் என்று அந்த வகுப்பின் வாசலில் நின்று பார்த்தால் தெரியாது.

மைக்கை எடுத்து மூன்று பெயர்களைக் கூப்பிட்டேன். முதல் பெயர் நைலா.

நைலாவை எனக்கு நன்றாகவே தெரியும். அந்த வகுப்பில் சேர்த்துக்கொள்ளச் சொல்லி, பள்ளி திறந்ததிலிருந்து என் மேசைக்கு வந்துகொண்டே இருந்தாள். அங்கே ஏழாம் வகுப்பிலேயே அல்ஜீப்ரா. அதில் ஏறியவர்கள் உயர்நிலைப் பள்ளியில் கால்குலஸ் வரை போய்விடுவார்கள். ஏறாதவர்களை வழியில் எந்த நிறுத்தத்திலும் ஏற்றிக்கொள்வதில்லை. அவளுக்குப் பாலம் கட்டும் எஞ்சினியர் ஆக வேண்டும்.

ஒவ்வொரு முறையும் முதல்வர் சொல்லி அனுப்பிய ஒரே பதிலைத்தான் நான் அவளிடம் சொன்னேன்.

"மார்க்கெல்லாம் போதும் கண்ணு. அங்க நாற்காலிதான் இல்ல."

அக்டோபரில் புதிதாகக் குடிவந்த ஒரு பையனுக்கு மட்டும் எப்படியோ ஒரு நாற்காலி முளைத்தது. அவனுடைய அம்மா மிஸஸ் கார்வர், பெற்றோர் சங்கத்தின் கேக் விற்பனையை நடத்துகிறவர். பெற்றோர் நேரில் வந்து அழுத்திக் கேட்டால் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று விதியே இருக்கிறது. கேட்கத் தெரிந்தவர்களுக்கு அது தெரியும். மற்றவர்களுக்கு நாங்கள் சொல்வதில்லை.

பிள்ளைகளைப் படம் எடுத்துக்கொள்ள மட்டும் எல்லா அம்மாக்களிடமும் பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே கையெழுத்து வாங்கிவிடுவோம். அதில் ஒரு வீட்டையும் விட மாட்டோம்.

மூவரும் வந்தார்கள். வகுப்பில் உண்மையிலேயே நாற்காலி இல்லை. முதல்வர் அறை வாசலில், வம்பு செய்த பிள்ளைகளை உட்கார வைக்க மூன்று நீல நாற்காலிகள் கிடக்கும். அவற்றைத் தூக்கி வரச் சொன்னார். ஆளுக்கொன்று தூக்கிக்கொண்டார்கள்.

நைலா நடைவழியில் என் பக்கம் திரும்பினாள். முகமெல்லாம் பல்.

"மிஸ் டோரீன், நிஜமாவே என்னைத்தான் கூப்பிட்டாங்களா?"

"ஃபோட்டோவுக்குத்தான் தங்கம்."

"நாற்காலியோட வரச் சொன்னாங்கல்ல?"

வகுப்புக் கதவைத் திறந்துவிட்டேன்.

மூவரையும் முன் வரிசையில் போட்டார்கள். அங்கே இருந்தவர்கள் முனகிக்கொண்டே பின்னால் நகர்ந்தார்கள். பலகையில் பெரிதாக ஒரு சமன்பாடு. புகைப்படக்காரர், "எல்லாரும் எழுதுற மாதிரி நடிங்க," என்றார்.

எல்லாரும் நடித்தார்கள். மிஸஸ் கார்வரின் மகன் மிக நன்றாக நடித்தான்.

நைலா எழுதினாள். சரியா தப்பா என்று எனக்குத் தெரியாது, கணக்குக்கும் எனக்கும் ஆகாது. ஆனால் கணக்கு டீச்சர் மிஸஸ் புரூயிட் அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்று, தாளைப் பார்த்தவர், பிறகு வெகுநேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவ்வளவுதான், முடிஞ்சது. ரொம்ப நன்றி பசங்களா," என்றார் முதல்வர்.

மற்ற இருவரும் எழுந்தார்கள். நைலா எழவில்லை. உட்கார்ந்தபடியே கையை உயர்த்தி ஒன்று கேட்டாள்.

புகைப்படக்காரர் அந்த நொடியில் இன்னொரு படம் எடுத்தார். "இதான்! இந்த முகந்தான்!" என்று குதித்தார்.

முதல்வர் சிரித்துக்கொண்டே ஏதோ பதில் சொன்னார். வகுப்பும் சிரித்தது. மிஸஸ் புரூயிட் மட்டும் சிரிக்கவில்லை.

கையேட்டின் அட்டையில் வந்தது அந்தக் கடைசிப் படம்தான். உயர்ந்த கை, பாதி திறந்த வாய், பளபளக்கும் கண். கீழே கொட்டை எழுத்தில்: 'எங்கள் வகுப்பறைகளில் எந்தக் கேள்விக்கும் பதில் உண்டு.' அதையே பெரிதாக்கிச் சட்டம் போட்டு முதல்வர் அறை வாசலில் மாட்டியிருக்கிறார்கள், அந்த நீல நாற்காலிகளுக்கு நேர் மேலே.

நைலா அதற்குப் பிறகு என் மேசைக்கு வரவே இல்லை.

நேற்று மிஸஸ் கார்வர் கேக் டப்பாவோடு வந்தவர், படத்தின் முன்னால் நின்றுவிட்டார்.

"அடடா, என்ன ஆர்வம் பாருங்க! இவ்வளவு ஆசையா இந்தப் பொண்ணு என்னதான் கேக்குது டோரீன்? பெரிய கணக்கா இருக்கும்போல."

"இல்லீங்க," என்றேன். "இந்த நாற்காலிய நானே திரும்பத் தூக்கிட்டுப் போகணுமான்னு கேக்குறா."