நாலாவது லேப்

"ஃபெயில் சார்," என்றாள் பரிசோதகி. "குழந்தைங்களுக்கான கூலிங் கிளாஸ்னு போட்டிருக்கீங்க. புற ஊதாக் கதிர் பாதிக்கு மேல உள்ள போகுது. கண்ணாடி கறுப்பா இருக்கறதால கண் பாப்பா விரியும். கதிர் இன்னும் அதிகமா இறங்கும். இதைப் போடறதுக்கு வெறும் கண்ணோட வெயில்ல போறதே மேல்."

கண்ணாடிக் கம்பெனி முதலாளியே நேரில் வந்து எதிரில் உட்கார்ந்திருந்தார். 'பெரிய வாடிக்கையாளர், பார்த்து நடந்துக்கோ' என்று மேனேஜர் காலையிலேயே காதில் போட்டிருந்தார்.

"இன்னொண்ணைப் பாருங்க."

பார்த்தாள். கருவி அதே எண்ணைக் காட்டியது. மூன்றாவதிலும் அதேதான்.

அவர் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினார்.

"உங்க மேனேஜர் ரிப்போர்ட்டை மாத்தச் சொன்னா மாத்துவீங்களா?"

"மாட்டேன் சார்."

"வேலை போனா?"

அவள் சம்பளத்தில்தான் வீடே ஓடியது.

"போகட்டும் சார். போட்டுக்கப் போறது பச்சப்புள்ளைங்க."

அவர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மூணு லேப்ல பாஸ்னு எழுதிக் குடுத்துட்டாங்கம்மா. எல்லாம் எங்க அண்ணன் ஏற்பாடு. கம்பெனியில பாதி அவரோடது. நாளைக்குச் சரக்கு கடைகளுக்குப் போகுது. நிறுத்துங்கன்னு கத்திப் பார்த்துட்டேன். ஆதாரம் எங்கடான்னு கேக்கறார். யார் மிரட்டினாலும் மாறாத ஒரு கையெழுத்து எனக்கு வேணும்."

அவள் பிரிண்டரைத் தட்டிவிட்டாள்.

"எத்தனை காப்பி சார்?"