வடைக்கு ஒரு துண்டு

ரெங்கம்மாவுக்குப் பிடரி இற்று விழுந்துவிடும்போல் வலித்தது.

தலையில் விறகுக்கட்டு, இடுப்பில் அரைத்த பருப்புச் சட்டி. தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து அப்புத்தளை ஸ்டேஷன்வரை நாலு மைல் ஏற்றம். ஞாயிற்றுக்கிழமை என்பதால் அவள் சுமந்தாள். மற்ற நாளெல்லாம் மகள் ஒருத்தியே சுமப்பாள்.

மகள் ஜெயலெட்சுமிக்குப் பதினைந்து வயது. ஸ்டேஷனை ஒட்டிய ஷுக்ரி நானாவின் தேத்தண்ணிக் கடையில் ஓர் அடுப்பை வாடகைக்குப் பிடித்து வடை சுட்டு விற்கிறாள். வாடகை, நாளொன்றுக்கு ஆறு வடை. பதுளைக்கு இன்னும் ரயில் பாதை போடாத காலம். கோச்சி பண்டாரவளையோடு நின்றுவிடும். அதில் வருகிறவர்கள் குளிரோடும் பசியோடும்தான் வருவார்கள்.

தொடங்கி ஒரு மாதம். அந்த ஒரு மாதம் கங்காணி வீரய்யா கொடுத்த தவணை.

காலைப் பெரட்டில் வரிசையில் நின்று பேர் கொடுத்து வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு தலைக்கும் தோட்டம் கங்காணிக்குத் தனியாகக் காசு தரும். ஒரு தலை குறைந்தால் வீரய்யாவுக்குத் தூக்கம் வராது. நாளைத் திங்கட்கிழமைப் பெரட்டில் ஜெயலெட்சுமியின் பேரைக் கூப்பிடப்போவதாகச் சொல்லிவிட்டார். கூப்பிட்டால் போகவேண்டியதுதான். அடுப்பு அணைந்த மாதிரிதான்.

முதல் ஈடு வெந்து இறங்கும்போது அவரே கடைக்கு வந்தார். தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். கூடைக்குள் கையை விட்டு இரண்டு வடையை எடுத்தார், கடித்தார். லயத்தில் கோழியானாலும் கீரையானாலும் அவர் எடுத்தால் எடுத்ததுதான்.

“ரெண்டு சதங்க, கங்காணி.”

ரெங்கம்மா மகளின் முழங்கையைக் கிள்ளினாள். மகள் அசையவில்லை.

பத்துப் பேர் பார்க்கிறார்கள். கங்காணி மடியிலிருந்து முழு ரூபாய் ஒன்றை எடுத்துப் பலகைமேல் எறிந்தார்.

“மிச்சத்த எண்ணி வையி.”

“சில்லறை இல்லீங்களே.”

“அப்ப நாளைக்குப் பெரட்டுல வாங்கிக்க. கொழுந்துக் கூடையோட வந்துரு.” ரூபாய் மடிக்குத் திரும்பியது.

“சரிங்க. அதுவரைக்கும் ஒரு துண்டு எழுதிக் குடுத்துருங்க.”

யாரோ புரைக்கேறி இருமினார்கள். துண்டு என்றால் தோட்டத்து ஆளின் கடனை எழுதிய சீட்டு. அதிலுள்ள பாக்கி தீராமல் அவன் இடத்தை விட்டு நகர முடியாது. புருஷன் செத்ததும் அவன் துண்டு ரெங்கம்மாவின் தலையில் ஏறியது. இப்போது ஒரு பெட்டைப்பிள்ளை கங்காணியிடமே துண்டு கேட்கிறாள்.

“எழுதுங்க கங்காணி, சாட்சிக்கு நான் ஈக்கிறன்.” ஷுக்ரி நானா காகிதமும் பென்சிலும் நீட்டினார். கடையே சிரித்தது. கங்காணியும் சிரிக்கத்தான் வேண்டியிருந்தது. எழுதிக் கொடுத்தார்.

கோச்சி வந்தது. நிறைகூடையோடு ஓடிய ஜெயலெட்சுமி வெறுங்கூடையோடு திரும்பினாள்.

கங்காணி அதற்குள் ஸ்டேஷனில் ரூபாயை மாற்றிவிட்டு வந்து நின்றார். உள்ளங்கையில் இரண்டு சதம்.

“இந்தா. துண்டக் கிழிச்சுப் போடு. நாளைக்கு வந்து சேரு.”

அவள் கை நீட்டவில்லை.

“என்ன அவசரங்க? கணக்கு ஓடட்டும்.”

கடனை அடைக்கக் காசு கொண்டுபோனவர்களிடமெல்லாம் வீரய்யா சொல்லும் வார்த்தை அது. ரெங்கம்மாவின் புருஷன் இரண்டு தடவை போய் இரண்டு தடவையும் அதைக் கேட்டுவிட்டுத் திரும்பியவன்.

“பாக்கி இருக்குற எடத்த விட்டு அசையக்கூடாதுன்னு நீங்கதானே சொல்வீங்க? ஒங்க பாக்கி இங்கல்ல இருக்கு! நா எப்படிங்க பெரட்டுக்கு வர்றது?”

இந்தத் தடவை எழுந்த சிரிப்பு ரோட்டுவரை போனது. கங்காணி இரண்டு சதத்தையும் மடியில் செருகினார்.

“சுடு! வடையவே சுட்டுத் தொலை!” என்று சொல்லிவிட்டு இறக்கத்தில் இறங்கினார். நாலு பேர் கேட்க வாயிலிருந்து வந்த வார்த்தை. இனிப் பெரட்டில் நின்று அவள் பேரைக் கூப்பிட்டால், இந்தச் சிரிப்பு அங்கேயும் எழும்பும். அது அவருக்கும் தெரியும்.

ஜெயலெட்சுமி அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டு அடுத்த ஈடு போட்டாள்.

ரெங்கம்மா மகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். தோட்டத்தில் இத்தனை ஆம்பிளைகள் இருக்கிறார்கள், ஒருத்தனுக்கு வந்ததா இந்த வாய்? பெற்ற வயிறு நிறைந்துபோயிற்று. ஆனால் அவள் மூச்சு விடவில்லை.

மகளின் இடுப்பு முடிச்சில் முழு ரூபாய்க்கும் சில்லறை இருந்தது. ரெங்கம்மா நாலு மாதம் வாயைக் கட்டிச் சேர்த்து, யாவாரத்துக்கு ஆகுமென்று இன்று காலைதான் தன் கையால் எண்ணி முடிந்துவிட்டிருந்தாள்.

ஷுக்ரி நானா துண்டைக் கடைச் சுவரில் ஆணியடித்து மாட்டினார். எழுத்துத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டினார்கள்.

வீரய்யா கங்காணி, ஜெயலெட்சுமிக்கு இரண்டு சதம் பாக்கி.