ஷாப்ளிக்குப் பொருத்தம்

மிக்சரைக் கொறித்துக்கொண்டு ஷாப்ளி வைன் குடிப்பவனை நியூசிலாந்து அரசு நாடு கடத்த வேண்டும் என்பது நிமலனின் தீர்க்கமான கருத்து.

அன்று மனைவி கஜானி மேசையில் மிக்சர்க் கிண்ணத்தை வைத்ததும் அதைக் குசினிக்குத் திருப்பி அனுப்பினான்.

"இது பிரான்சில, பர்கண்டியில, சிப்பி ஓடு மக்கின மண்ணில விளைஞ்ச திராட்சை. சிப்பியோடதான் குடிக்கோணும். வாறது பிரெஞ்சு முதலாளி. மிக்சரைக் கண்டா வைன் மனேஜர் வேலை என்னோட வேலை செய்யிற ராகேஷுக்குப் போயிடும்."

"நான் சொல்றதைக் கேளுங்கோவன்."

"பிறகு கதைப்பம்."

அவன் வேலை செய்யும் உணவகத்தின் முதலாளியம்மா கிளேர், சான்ட்ரிங்ஹாமில் இருக்கும் அவர்களின் வீட்டுக்கு வந்தார். நிமலன் அந்த மண்ணின் பெருமையை விளக்கிச் சிப்பித் தட்டை நீட்டினான். அவர் ஒன்றை உறிஞ்சி, ஒரு மிடறு குடித்து, கண்ணை மூடித் திறந்தார்.

"நீதான் மனேஜர். எடு, சேர்ந்து கொண்டாடுவோம்."

நிமலன் ஒரு சிப்பியை வாயருகே கொண்டுபோனான்.

"இஞ்சேருங்கோ," என்றாள் கஜானி. "மிக்சர் அவவுக்கு வைக்கேல்ல, உங்களுக்குத்தான் வைச்சனான். இண்டைக்கு வெள்ளிக்கிழமை."

பிறந்ததிலிருந்து வெள்ளிக்கிழமையில் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொடாத நிமலன் சிப்பியை அப்படியே தட்டில் வைத்தான். குசினிக்குப் போய்க் கிண்ணத்தோடு வந்து, ஷாப்ளியை ஒரு மிடறு குடித்து, மிக்சரில் கடலையாகப் பார்த்துப் பொறுக்கினான்.